ஈரானுக்குப் போன மதிப்பெண் பட்டியல்

மதுரையில் எதைக் கேட்டாலும், எந்த நேரத்தில் கேட்டாலும் கிடைக்கும் என்று அறுபத்தேழு வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். வெளியூர்க்காரன் எவனாவது வாயைத் திறந்தால் போதும். ஆனைக்குக் கொலுசு வேண்டுமா, நாற்பது பேருக்கு நடுச்சாமத்தில் கறிதோசை வேண்டுமா, தொலைந்துபோன பூட்டுக்குச் சாவி வேண்டுமா என்று அடுக்க ஆரம்பித்துவிடுவேன். அந்த வாயை மூன்று பக்கக் காகிதம் ஒன்று ஒரே வாரத்தில் அடைத்துவிட்டது. பாரசீகம் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டேன். இத்தனை லட்சம் பேர் இருக்கிற ஊர் கையை விரித்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் தங்கப்பாண்டி. முப்பத்தோரு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, விளாங்குடியில் வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாக எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன். 'இணைப்பு இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி நான் திருப்பி அனுப்பிய மனுக்களை அடுக்கினால் ஆனைமலை உயரம் வரும். கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

காகிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். கொண்டுவந்தவள் என் தம்பி மருமகள் தாமரைச்செல்வி. பேரையூரிலிருந்து பஸ் ஏறி, வழியெல்லாம் அழுது, முகம் வீங்கிப்போய் வந்து நின்றாள். அவள் புருஷன் ஜெயபாண்டி சரக்குக் கப்பலில் சமையல்காரன். நாலு மாசத்துக்கு முன்னால் அந்தக் கப்பலை ஈரான்காரர்கள் நடுக்கடலில் மறித்து, அடித்தட்டில் திருட்டு டீசல் இருந்தது என்று சொல்லி, கேப்டனிலிருந்து பாத்திரம் கழுவுகிறவன்வரை எல்லோரையும் ஒரு துறைமுக ஊர்ச் சிறையில் வைத்துவிட்டார்கள்.

"மாமா, கோர்ட்டு பேப்பராம். அவுகளக் கப்பலுக்கு அனுப்புன பம்பாய் ஏஜென்ட்டு போன்ல அனுப்பிருக்கான். இருபது நாளைக்குள்ள அப்பீல் போடணுமாம். பன்னெண்டு நாள் முடிஞ்சுபோச்சாம்."

"பன்னெண்டு நாளா என்ன செஞ்சான் அவன்?"

"தெரியல மாமா. அதச் சொல்லிட்டு போன ஆஃப் பண்ணிட்டான்."

அடை காத்திருக்கிறான் பயல்! கோழிகூட அதற்குள் பாதி வேலையை முடித்திருக்கும். போனை வாங்கிப் பார்த்தேன். வலமிருந்து இடமாக, புள்ளியும் வளைவுமாக, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. எண்கள்கூட நம் எண்கள் இல்லை. எத்தனை வருஷம் தண்டனை, எங்கே அப்பீல் போடுவது, யாரிடம் போவது, ஒன்றும் தெரியாது. அவன் கதி அந்த எறும்பு வரிசையில் எங்கேயோ இருக்கிறது. எட்டு நாள் மிச்சம்.

மறுநாள் காலையில் காகிதத்தைப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனோம். மதுரையில் அந்த மாதிரி எழுத்தைப் பார்த்தால் யாரும் அங்கேதான் போவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ஆகா, என்ன குரல்! அந்தக் கம்பீரத்தில் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். தாமரைச்செல்வி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டீசல் கடத்தல் தீர்ப்புக்கு இப்படி ஒரு மரியாதை உலகத்தில் எங்கேயும் கிடைத்திருக்காது. இரண்டு வரி வாசித்தவர் நிறுத்திவிட்டார்.

"என்ன போட்டிருக்கு ஹஜ்ரத்?"

"தெரியாது."

"இப்பத்தான வாசிச்சீங்க?"

"அரே தங்கப்பாண்டி, எழுத்து நான் ஓதுற அரபி எழுத்து மாதிரி இருக்கு. பாஷை ஃபார்சி, அதான் பாரசீகம். பேரீச்சம்பழ டப்பாவக்கூட எங்கிட்ட கொண்டாந்து என்ன எழுதிருக்குன்னு கேக்குறானுங்க. 'ஜுர்ம்'னு இருக்கு, அது குத்தம். 'வக்கீல்'னு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நான் எதைச் சொன்னாலும் அது என் கற்பனை. ஒரு பிள்ளையோட வாழ்க்கையில நான் கற்பனை பண்ண மாட்டேன்." காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஜும்மாவுக்கு எல்லா ஊர் ஆளும் வருவாங்க. கேட்டு வைக்கிறேன்."

அந்த நாணயம் எல்லோரிடமும் இருக்கிறதா? புதன்கிழமை 'அனைத்துலக மொழிச் சேவை மையம்' என்ற பெயரில் இருந்த ஒரு கடைக்குப் போனோம். நூற்று நாற்பது மொழிகள் என்று போர்டு. முதலாளி வெங்கடேஷ்பாபு எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. தன் போனைக் காகிதத்தின் மேல் ஒரு காட்டு காட்டினார். வந்ததை அப்படியே அடித்தார், வட்ட சீல் ஒன்றை நச்சென்று குத்தினார், நீட்டினார். முழுசாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை. தாமரைச்செல்வி வாங்கிப் படித்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மாமா இது... எண்ணெயிலயா போட்டுட்டாக?"

பிடுங்கிப் பார்த்தேன். 'சமையல்காரர் ஜெயபாண்டி எண்ணெயில் இருந்ததை மாண்பமை நீதிமன்றம் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறது' என்று இருந்தது.

"யோவ், என்னய்யா இது?"

"எங்களுக்கு வந்ததைத்தான் சார் குடுக்க முடியும்."

"உனக்குப் பாரசீகம் தெரியுமா தெரியாதா?"

"நூத்து நாப்பது பாஷை சார். ஒவ்வொண்ணா தெரிஞ்சுக்கிட்டா கடை நடத்த முடியுமா?"

அவர் கேட்ட அழகில் எனக்கே ஒரு நிமிஷம் நியாயமாகத்தான் பட்டது. பிறகு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் பாய்லர் அணைந்துவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வியாழக்கிழமை 'அயல்நாட்டுப் பணியாளர் குறைகேட்பு மையம்'. கவுன்டரில் அசோக்குமார் என்று ஓர் இளைஞர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுமையைப் பார்த்ததுமே காரியம் நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அது என் பொறுமை. முப்பத்தோரு வருஷம் நான் முகத்தில் மாட்டிக்கொண்டிருந்த பொறுமை.

"சார், அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர்ட்ட மொழிபெயர்த்து வாங்கி, இணைப்பா வச்சுக் குடுங்க."

"அந்த மொழிபெயர்ப்பாளர் யாரு தம்பி? பட்டியல் இருக்கா?"

"இருக்கு சார்." கோப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். "அரபி இருக்கு, மலாய் இருக்கு... பாரசீகம், இந்தா இருக்கு."

"பேரு?"

"'காலி'ன்னு போட்டிருக்கு சார்."

"எப்ப இருந்து?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிலருந்து."

"அப்ப நான் யாருட்டப் போறது?"

"அங்கீகரிக்கப்பட்டவங்கட்ட சார்."

இந்தப் பதிலில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. முட்டை மாதிரி, பிடிக்க ஓர் இடம் கிடையாது. இப்படிப்பட்ட பதில்களை நானே எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்! அவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து என் பின்னால் நின்று சிரிக்கிற மாதிரி இருந்தது. தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சு நாள்தான் மாமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹஜ்ரத் போன் செய்தார். "ஆள் கிடைச்சாச்சு. ஆப்கானிஸ்தான்காரர். ஹெராத் ஊரு. நெல் ஆராய்ச்சி படிக்க வந்தவர், திருவாதவூர்ல வீடு எடுத்துத் தங்கிருக்கார். தாய்மொழியே ஃபார்சி. பேரு ஃபரீதூன்."

அடுத்த நிமிஷம் ஆட்டோ. திருவாதவூரில் வயல் ஓரத்து வீட்டுக் கதவைத் திறந்தவர் ஏழடி உயரம். சரி, ஆறேகால். தாடி, பச்சைக் கண், முழங்கால்வரை சேறு. நான் என் ஓட்டை இங்கிலீஷைத் திரட்டிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிக்கிறீகளா?"

எனக்கு வாய் மூடவில்லை. "தம்பி, இந்தத் தமிழ்..."

"நடவுக்கு வர்ற செல்லக்கிளியக்கா சொல்லிக்குடுத்ததுண்ணே. அஞ்சு வருசமாச்சு. நாத்துப் பிடிக்கத் தெரியலன்னு அந்தக்கா வஞ்சு வஞ்சே தமிழ் வந்துருச்சு."

காகிதத்தை வாங்கினார். முதல் வரியிலேயே, "ஆத்தாடி" என்றார். பிறகு மூன்று பக்கத்தையும் வாய்க்குள்ளேயே படித்து முடித்துவிட்டுத் தாமரைச்செல்வியைப் பார்த்தார்.

"அஞ்சு வருசம் போட்டிருக்காக அக்கா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டீசல் இருந்தது தெரியும்னு உங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாருன்னு எழுதியிருக்கு."

"அவுக எப்படி ஒத்துக்குவாக? அவுகளுக்கு அடுப்படி விட்டா வேற எடமே தெரியாதே!"

"மொழிபெயர்ப்பாளர் வச்சுத்தான் கேட்டாகளாம். அவரு கேட்டாராம், இவரு தலையாட்டுனாராம்." ஃபரீதூன் அந்த வரியை மறுபடி விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்தி மொழிபெயர்ப்பாளர்னு இருக்குண்ணே."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஜெயபாண்டிக்கு எங்கே இந்தி தெரியும்? அவனுக்குத் தெரிந்த இந்தி மொத்தம் மூன்று வார்த்தை. அரிசி ஒன்று, தண்ணீர் ஒன்று. மூன்றாவதைப் பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்ல முடியாது. இந்தியாக்காரனா, இந்தியைப் போடு என்று எவனோ ஒரு வரியில் முடித்திருக்கிறான். இவன் என்ன செய்திருப்பான்? எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய மனுஷர்கள் பேசினால் தலையாட்ட வேண்டும் என்று பால்குடி காலத்திலிருந்து பழக்கம். 'ஆமாம்' என்பதற்காக அல்ல. கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்பதற்காக. ஆட்டாமல் நின்றால் திமிர் பிடித்தவன் என்று அடி விழும். ஆட்டியிருக்கிறான். ஓர் ஆட்டுக்கு ஐந்து வருஷம்!

"இன்னொண்ணும் இருக்குண்ணே. கடைசி வரியில வக்கீல் நம்பர் போட்டிருக்கு. கோர்ட்டே வச்சுக்குடுத்த வக்கீல். மஹ்னாஸ்னு ஒரு அம்மா."

நம்பர்! நாலு நாளாக அந்த நம்பரைப் பையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்திருக்கிறோம். உடனே போட்டால் யாரும் எடுக்கவில்லை. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறையாம். இங்கே ஞாயிறு. இரண்டு தேசமும் கூடிப் பேசி எங்கள் பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு நாளைத் தின்றுவிட்டன.

சனிக்கிழமை காலையில் அந்த அம்மா எடுத்தார். ஃபரீதூன் அந்த மொழியில் பேச ஆரம்பித்ததும் ஆளே மாறிப்போனார். அதுவரை நாற்று நட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சபையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் கழித்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"அக்கா வீட்டுக்காரர்கிட்ட இந்தம்மா ரெண்டு தடவ போய்ப் பேசிப் பாத்தாகளாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியலையாம். செவ்வாக்கிழமைதான் கடைசி நாளு. அன்னிக்கு ஜெயிலுக்குப் போயி போனப் போடுவாக. நான் கேட்டுச் சொன்னா வாக்குமூலம் எழுதி அப்பவே அப்பீல் போட்டுரலாமாம். ஆனா அவருக்கு இந்தி தெரியாதுங்கிறதுக்கு ஆதாரம் வேணுமாம். அரசாங்க முத்திரையோட."

"தெரியாததுக்கு என்னய்யா ஆதாரம்? எனக்கு ஆனை ஏறத் தெரியாது. சர்டிபிகேட்டா வச்சிருக்கேன்?"

தாமரைச்செல்விதான் சொன்னாள். "மாமா, அவுக பத்தாப்பு மார்க் ஷீட்டு இருக்கு. அதுல தமிழும் இங்கிலீசும் மட்டுந்தான இருக்கும்?"

இந்தப் பெண்ணைப் போய்ப் பத்தாம் வகுப்போடு நிறுத்தினார்களே என்று எனக்கு அப்போது இன்னொரு கோபம் வந்தது. பேரையூரிலிருந்து பட்டியல் வந்தது. தமிழ் நாற்பத்தொன்று, ஆங்கிலம் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தும் இரண்டாவது தடவை எழுதி வாங்கியது. அன்றைக்கு என் தம்பி அவனை விளக்குமாற்றோடு தெருமுனைவரை துரத்தினான். இன்றைக்கு அதே காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம்போல இருந்தது. இந்தி என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஃபரீதூன் தயங்கினார்.

"அண்ணே, மொழிபெயர்த்தவர் பேரு என்னன்னு அந்தம்மா கேட்டாக. பேரு மட்டும் வேண்டாம்ணே. என் பாஸ்போர்ட்டு காலம் முடிஞ்சுபோச்சு. புதுசு வாங்க எனக்கு வழியில்ல. இங்க தங்குறதுக்கு எழுதிப் போட்டு ஏழு மாசமாச்சு, பதில் வரல. இந்த நேரத்துல வேற தேசத்துக் கேசுல என் பேரு வந்துச்சுன்னா..." தாடியைத் தடவிக்கொண்டார். "கேக்குறேன், சொல்றேன். அம்புட்டும் செய்றேன். பேரு மட்டும்..."

"வேண்டாம் தம்பி" என்றேன். எப்படி வற்புறுத்துவது? இந்த மனுஷனையும் எங்கேயோ ஒரு கவுன்டர் ஏழு மாசமாக நிறுத்தி வைத்திருக்கிறது.

திங்கட்கிழமை மறுபடி அசோக்குமார். மனு, மதிப்பெண் பட்டியல், தீர்ப்பு, ஃபரீதூன் சொல்ல நான் எழுதிய தமிழாக்கம். எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, முத்திரையிட்டுக் கொடுங்கள் என்றேன். தமிழாக்கத்தைப் புரட்டினார்.

"இதுல சீல் இல்லையே சார்." அப்போது என் கோப்பிலிருந்து இன்னொரு காகிதம் எட்டிப் பார்த்தது. அவர் முகம் மலர்ந்தது. "இந்தா, இதுல இருக்கே! இதையே வச்சிரலாம்."

"தம்பி, அதுல அவன எண்ணெயில போட்டுட்டாங்கன்னு இருக்கு."

"அர்த்தம் நம்ம வேலை இல்ல சார். சீல் இருக்கா இல்லையாங்கிறதுதான் நம்ம வேலை."

சரியான மொழிபெயர்ப்பு ஆகாது, சீல் குத்திய பிதற்றல் ஆகும். நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. என் முகத்தில் ஒரு புன்னகை தானாக வந்தது. ஏனென்றால் எதிரியின் கோட்டையை நானே கட்டியவன். ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியாதா?

"ரொம்ப சரி தம்பி. ஒண்ணும் வேண்டாம். 'பாரசீக மொழிபெயர்ப்பாளர் பணியிடம் பல ஆண்டுகளாகக் காலி. ஆகையால் சிறையில் இருப்பவரின் மனைவி கொடுத்த மனுவை வாங்க இயலாது.' இத மட்டும் ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுக் குடுங்க. நான் போயிர்றேன்."

அசோக்குமாரின் பேனா காற்றில் நின்றது.

"எழுதியா சார்?"

"எழுதித்தான். வாயால சொன்னத நான் எப்படித் தம்பி இணைப்பா வைக்க முடியும்?"

அலுவலகத்தில் இருப்பவன் நெருப்பைக்கூட மிதிப்பான். 'முடியாது' என்று தன் கைப்பட எழுதமாட்டான். அவர் என்னைப் பார்த்தார், தாமரைச்செல்வியைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். பதினோராவது நிமிஷம் எல்லாக் காகிதமும் முத்திரையோடு வெளியே வந்தது. மதிப்பெண் பட்டியலில் மட்டும் மூன்று முத்திரை. பயத்தில் குத்தியது.

"தங்கப்பாண்டி சார், நீங்க எந்த ஆபீஸ்ல இருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதான பாத்தேன்" என்றார்.

முத்திரை காய்வதற்குள் எல்லாவற்றையும் படம் பிடித்து ஈரானில் அந்த அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் விளாங்குடியில் என் வீட்டு மேஜையில் போனை வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். மூன்றரை மணிக்கு அடித்தது. முதலில் அந்த அம்மாவின் குரல். பிறகு ஓர் இருமல்.

"ஜெயபாண்டிண்ணே, நல்லாருக்கீகளா? நான் திருவாதவூர்ல இருந்து வந்து பேசுறேன்" என்றார் ஃபரீதூன்.

அந்தப் பக்கம் இருமல் நின்றது. பிறகு கேவல். நாலு மாசமாகத் தன் பாஷையில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்காத மனுஷன். "நீங்க... நீங்க யாருண்ணே?"

"அத அப்பறம் சொல்றேன். நேரம் கம்மி. கோர்ட்ல உங்ககிட்ட கேட்டாகளே, என்ன கேட்டாகன்னு தெரியுமா?"

"ஒரு எழவும் தெரியாதுண்ணே."

"டேய், மரியாதையாப் பேசு, வாக்குமூலம்!" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"பெரியப்பாவா? பெரியப்பா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பா! அடியில என்ன இருந்துச்சுன்னு கேப்டனுக்குத்தான் தெரியும். என்னைய அடுப்படியத் தாண்டி விடமாட்டானுக!"

"அப்ப ஏண்ணே தலையாட்டுனீக?" என்றார் ஃபரீதூன்.

"அவ்வளவு பெரிய மனுசன் மேல உக்காந்து பேசிக்கிட்டு இருக்காரு. ஆட்டாம மரம் மாதிரி எப்படிண்ணே நிக்கிறது?"

ஃபரீதூன் அதை மொழிபெயர்த்தார். அவன் சொன்னது ஒரு வரி. இவர் சொன்னது ஐந்து நிமிஷம். தன் கழுத்தையும் ஆட்டி ஆட்டிச் சொன்னார், போனில் தெரியாது என்பதை மறந்துவிட்டு. அந்தம்மா இடையில் எதையோ கேட்டார். இவர் பதில் சொன்னார். பேனா கிறுகிறுவென்று ஓடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. பிறகு அந்தம்மா மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். ஃபரீதூன் போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி?" என்றேன்.

"மொழிபெயர்த்தவர் பேரு இல்லாம இந்த வாக்குமூலம் செல்லாதாம்ணே. இன்னும் ஒரு மணி நேரத்துல கோர்ட்டு சாத்திருவாகளாம்."

பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வாயைத் திறந்தால் கேட்டுவிடுவோம் என்று தாமரைச்செல்வி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். போனிலிருந்து ஜெயபாண்டி, "அண்ணே, இருக்கீகளா?" என்றான்.

"இருக்கேண்ணே" என்றார் ஃபரீதூன்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர் ஹெராத், காலம் முடிந்துபோன பாஸ்போர்ட்டின் எண் ஒவ்வோர் இலக்கமாக. இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது; அப்போது எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை திருவாதவூர்.

சாயங்காலம் ஆறரைக்கு அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. நான் வாங்கி அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் தாமரைச்செல்வி பக்கம் திரும்பினார்.

"அப்பீல எடுத்துக்கிட்டாகளாம் அக்கா. தீர்ப்ப நிறுத்தி வச்சிருக்காக. முதல்ல இருந்து மறுபடி கேப்பாகளாம். இந்தத் தடவ தமிழ்ல."

அவள் அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய் அவருக்குச் சோறு போட்டாள். நான் மேஜை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தேன்.

"தம்பி, ஏழு மாசமா உங்களுக்குப் பதில் சொல்லாம இருக்கானே, அந்த ஆபீஸ் எது? விலாசத்தச் சொல்லுங்க."